இடது பக்க இருக்கை

என் கணவர் மெலிஸ் இறந்த நூற்றுப்பத்தாம் நாள் காலையில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஸாமிரா போன் செய்தாள். அவளுடைய அப்பா தொக்தோசுன் அய்யாவை ஒவ்வொரு ஜூன் மாதமும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சூசாமிர் மேய்ச்சல் வெளியில் கொண்டுபோய் விடுவது எங்கள் வண்டிதான். அங்கே பத்து நாள் கம்பளிக் கூடாரத்தில் தங்கிக் குதிரைப் பால் குடிப்பார். பத்தாம் நாள் எங்கள் வண்டியே போய் அழைத்து வரும். ஏழு வருடமாக இதுதான் வழக்கம்.

“அக்கா, இந்தத் தடவ யாரு வருவா?” என்று கேட்டாள். அவளுக்கு மெலிஸ் இறந்தது தெரியும். நாற்பதாம் நாளுக்கு வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

“நான் வருவேன்” என்றேன்.

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு சொன்னாள். “அப்பாவுக்கு இன்னும் சொல்லலக்கா. குளிர்காலம் பூரா மூச்சுத் திணறல், ரெண்டு தடவ ஆஸ்பத்திரி. பெரியவங்கள வெச்சு முறையா சொல்லணும்னு அண்ணனுக்காகக் காத்திருந்தோம். அவன் ரஷ்யாவுலேருந்து வரவே இல்ல. பால் குடிச்சு நெஞ்சு தேறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். அதுவரைக்கும் நீங்க...”

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. சாவுச் செய்தியை எங்கள் ஆட்கள் போகிற போக்கில் சொல்வதில்லை. காலை வேளையில் பெரியவர்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்து, சுற்றி வளைத்து, கேட்பவர் தானாகப் புரிந்துகொள்ளும்படி சொல்ல வேண்டும். அதனால் ஊருக்கே தெரிந்த சாவு ஒரே ஒருவருக்கு மட்டும் மாதக்கணக்கில் தெரியாமல் இருப்பதும் உண்டு. இன்னொருவர் சொல்வார் என்று எல்லோரும் இருந்துவிடுவோம்.

அதாவது, நான் கருப்பு உடையைக் கழற்ற வேண்டும். கணவனை இழந்தவள் வருட விருந்து முடியும்வரை கருப்புத்தான் உடுத்த வேண்டும். அதற்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

“சரி” என்றேன்.

என் கொழுந்தன் ஜானிஷ் அன்று மாலையே வந்துவிட்டான். எங்கள் ஊரை அடுத்த கராபால்தா சந்தைக்கும் பிஷ்கெக்குக்கும் ஷேர் டாக்ஸி ஓட்ட அவனுக்கு அந்த வண்டி வேண்டும். கெட்டவன் இல்லை. பிப்ரவரியில் அண்ணனைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்தவர்களில் அவனும் ஒருவன். வலது கையில் இரண்டு நகம் அப்போதும் முளைக்கவில்லை. அடக்கம் நடந்த அன்று வண்டியை நகர்த்துவதற்காக மாற்றுச் சாவியை எடுத்தான். அது அவன் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

“அந்த மலையிலயா? நீங்களா? அண்ணி, பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறங்குவீங்க. பாதி மலையில சக்கரம் பொகையும்.”

“எந்த வளைவுல கியரக் கொறைக்கணும்னு சொல்லவா? கீழேருந்து மேல சொல்லவா, மேலேருந்து கீழ சொல்லவா?”

“பக்கத்துல உக்காந்து பாக்குறது வேற, ஓட்டுறது வேற.”

“பக்கத்துல உக்காந்து நான் பாக்கலன்னா ஒங்கண்ணன் ஓட்டியிருக்கவே முடியாது.”

எங்கள் வண்டி ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி. ஸ்டியரிங் வலப்பக்கம். எங்கள் நாட்டில் சாலையின் வலது ஓரமாகத்தான் ஓட்ட வேண்டும். அதனால் முன்னால் லாரி போனால் ஓட்டுகிறவனுக்கு லாரியின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. எதிரே வண்டி வருகிறதா என்று இடது பக்க இருக்கையில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்து, “போ” என்றோ “இரு” என்றோ சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த தபால் நிலையத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு பதினோரு வருடம் அந்த இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வெளியூர்க்காரர்கள் தூங்கிக்கொண்டோ படம் எடுத்துக்கொண்டோ வருவார்கள். தொக்தோசுன் அய்யா வரும்போது மட்டும் இடது இருக்கை அவருக்கு. அந்தப் பயணங்களில் நான் வீட்டில் இருந்துவிடுவேன்.

ஜானிஷ் தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தான். “ஒரு தடவ. நீங்களே கொண்டுபோய் விடணும், நீங்களே கூட்டிட்டு வந்து சேக்கணும். முழுசா வந்துட்டீங்கன்னா மாத்துச் சாவியும் உங்க கையில, வண்டியும் உங்களோடது, நான் வாயத் தெறக்க மாட்டேன். நடுவுல பெரியவரு பயந்துபோயி வேற வண்டியில ஏறிட்டாருன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் நீங்க வாயத் தெறக்கக் கூடாது.”

“தெறக்க மாட்டேன்.”

“கருப்பக் கழட்டுறத ஊரு என்ன சொல்லும்?”

“ஊரு சொல்லட்டும். நீ வண்டியப் பத்தி மட்டும் பேசு.”

வண்டி போனால் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். ஜானிஷ் வீட்டில் ஒரு மூலை கிடைக்கும். மரியாதையாகவே வைத்துக்கொள்வான். வருகிறவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டு சாகலாம். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பிள்ளைகள் இல்லை.

கருப்புத் துணியை மடித்து ஒரு பையில் வைத்து, ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தள்ளினேன். நீலப் பூப் போட்ட முக்காட்டைக் கட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்க்காமல் கிளம்பினேன்.

தொக்தோசுன் அய்யா பிஷ்கெக்கில் தன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். வெள்ளைக் கம்பளித் தொப்பி, கைத்தடி, சின்னப் பெட்டி. வயது எழுபத்தாறு. இளமையில் எங்கள் மலைச் சுரங்கப் பாதைக்குப் பாறை உடைத்தவர். அந்தத் தூசி அவர் நெஞ்சில் இன்னும் இருந்தது. பேசினால் மூன்றாவது வார்த்தையில் விசில் அடிக்கும். ஆனாலும் பேச்சை நிறுத்த மாட்டார்.

“நீ மெலிஸ் பொண்டாட்டி கனிஷாய்தான? மெலிஸ் எங்க, மருமகளே?”

“ரஷ்யாவுக்கு வேலைக்குப் போயிருக்காருய்யா.”

“சொல்லாமப் போயிட்டானா! ஏழு வருஷமா என் பேச்சக் கேட்டே செவிடாயிருப்பான், அதான் ஓடிட்டான்.” ஏறி உட்கார்ந்து தடியைக் கால்களுக்கு நடுவில் நட்டுக்கொண்டார். “வண்டிய ஒன்கிட்டயா குடுத்தான்? அவ்வளவு நம்பிக்கையா? என் பொண்டாட்டி சைக்கிளக்கூட என்னய நம்பிக் குடுத்ததில்ல.”

உள்ளங்கைகளை விரித்து, வண்டிக்கும் ஓட்டுகிறவருக்கும் வழிக்கும் வேண்டிக்கொண்டு முகத்தைத் தடவினார். நானும் தடவினேன். ஓட்டுகிறவருக்கு என்று அவர் சொன்னபோது யாரை நினைத்தார் என்று தெரியவில்லை.

கராபால்தா தாண்டி மலைச்சந்துக்குள் நுழைந்ததும் ஒரு நிலக்கரி லாரி முன்னால் வந்து மாட்டியது. அய்யா இடது பக்கம் சாய்ந்து பார்த்துவிட்டு, “போ” என்றார்.

நான் போகவில்லை.

“போன்னேன்ல?”

“லாரிக்காரன் இன்னும் விளக்குப் போடலய்யா.”

முன்னால் போகிற லாரிக்காரனுக்கு எதிரே வருவது தெரியும். பின்னால் வருகிறவன் தாண்டலாம் என்றால் வலது விளக்கைச் சிமிட்டிக் காட்டுவான். கொஞ்ச நேரம் கழித்துச் சிமிட்டினான். அய்யாவும் “போ” என்றார். பிறகு தாண்டினேன்.

“மெலிஸ் நான் சொன்ன ஒடனே போவான்.”

“எனக்கு ரெண்டும் வேணும்யா. உங்க வார்த்தையும் வேணும், அவன் விளக்கும் வேணும்.”

“ஒரு புருஷனுக்கு ரெண்டு சாட்சி கேக்குற ஜாதி நீ” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி இரண்டு வளைவு வரை நீடித்தது. அடுத்த லாரிக்கும் அதற்கடுத்த லாரிக்கும் அதே சண்டை. “இப்படியே போனா குதிரைங்க பால் வத்திப் போயிடும்” என்றார். நான் அவசரப்படவில்லை.

சுரங்கத்துக்கு நாலு வளைவு கீழே அந்த இடம் வந்தது.

பிப்ரவரியில் அங்கே ஒரு லாரி பனியில் சிக்கி நின்றிருந்தது. வழுக்காமலிருக்க அதன் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிவிட்டு வருகிறேன் என்று மெலிஸ் இறங்கினார். நான் இடது இருக்கையில் இருந்தேன். மேலேயிருந்து சத்தம் வந்தது. பிறகு என் பக்கத்துக் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. பனி லாரியையும் மெலிஸையும் லாரிக்காரனையும் எடுத்துக்கொண்டது. எங்கள் வண்டியின் முன் சக்கரத்தோடு நின்றுவிட்டது. போன் வேலை செய்யவில்லை. நான் நகர்ந்து வலது இருக்கைக்குப் போய், வண்டியைத் திருப்பி, ஆட்களைக் கூப்பிட மலை இறங்கினேன். அந்தச் சாலையில் நான் முதன்முதலில் வண்டி ஓட்டியது அன்றுதான். அதை ஜானிஷிடம் நான் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை.

இப்போது அங்கே மெலிஸின் கூட்டாளி ஓட்டுநர்கள் ஒரு பழைய சக்கர வட்டை நட்டு, அதில் நீலத் துணி கட்டியிருந்தார்கள்.

“இது போன வருஷம் இல்லையே” என்றார் அய்யா. “மெதுவாப் போ.”

மெதுவாகப் போனேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கை விரித்தார். முன்பின் தெரியாத ஒருவனுக்காகச் சின்னதாக ஓதினார். “யாரு பெத்த புள்ளையோ. எடம் நல்லா இருக்கட்டும். ஓமின்.”

“ஓமின்” என்றேன். ஒரு கையால் முகத்தைத் தடவிவிட்டு மறு கையால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “பயப்படாத. பனி போயிடுச்சு.”

சுரங்கத்துக்குள் நுழைந்ததும் எப்போதும் போலத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெளியே வரும்வரை பேசாமல் வந்தார். அங்கே செத்த தன் கூட்டாளிகளுக்காக அப்படிச் செய்வார் என்று மெலிஸ் சொல்லியிருந்தார். மறுபக்கம் வெளிச்சம் வந்ததும் பச்சை வெளியும் குதிரைகளும் தெரிந்தன. மறுபடி பேச ஆரம்பித்தார். கூடாரம் போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை.

கூடாரத்துக்காரி ஷார்கான் என்னை நீல முக்காட்டோடு பார்த்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கும் ஸாமிரா போன் செய்திருந்தாள். அந்த வெளியில் இருந்த எட்டுக் கூடாரத்துக்கும் விஷயம் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அய்யாவிடம் முதல் கிண்ணம் பாலை நீட்டி, “மொத மூணு நாள் வயித்தக் கழுவும். நாலாம் நாள்தான் நெஞ்சுக்குப் போவும். தெரியும்ல?” என்றாள்.

“தெரியும், தெரியும். மூணு நாளைக்கு என் கைத்தடிக்கும் அந்தப் பள்ளத்துக்கும்தான் ஸ்நேகம்.”

நான் அன்றே திரும்பினேன். தனியாக மலை இறங்கினேன். இடது இருக்கை காலியாக இருந்ததால் ஒரு லாரியையும் தாண்டவில்லை. எந்த லாரி போனாலும் அதன் பின்னாலேயே ஊர்ந்தேன். ஐந்து மணி நேரம் ஆயிற்று. ஜானிஷ் வாசலில் நின்று சக்கரங்களை முகர்ந்து பார்த்தான். புகை வாடை இல்லை. “பாதிதான் ஆச்சு” என்றான்.

பத்தாம் நாள் விடியற்காலை கிளம்பி ஒன்பது மணிக்கெல்லாம் போய்விட்டேன். ஷார்கான் என்னைக் கூடாரத்துக்குள் விடவில்லை. “இன்னிக்குச் சொல்றாங்க. ஸாமிராதான் சொல்லச் சொன்னா. நெஞ்சு நல்லாத் தெளிஞ்சிருக்கு. மூணு பெரியவங்க உள்ள ஒக்காந்திருக்காங்க. நீ பின்னால போயி நில்லு.”

கம்பளிச் சுவருக்குப் பின்னால் நின்றேன். உள்ளே பேசுவது அப்படியே கேட்டது. பெரியவர் ஒருவர் அய்யாவின் உடம்பைக் கேட்டார், மகனைக் கேட்டார், பேரப்பிள்ளைகளைக் கேட்டார். பிறகு, நல்ல குதிரை ஒன்று பாதிக் குளிர்காலத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு போனால் சொந்தக்காரன் என்ன செய்வான் என்று கேட்டார்.

“தேடுவான்” என்றார் அய்யா.

“தேடியும் கெடைக்காத எடத்துக்குப் போயிட்டா?”

கிண்ணத்தைத் தரையில் வைக்கும் சத்தம். பிறகு அய்யாவின் குரல் கேட்டது. “அந்தக் குதிரை நம்ம வண்டி ஓட்டுறவனா?”

“ஆமாய்யா.”

“எங்க?”

“சுரங்கத்துக்குக் கீழ. பிப்ரவரி மாசப் பனியில.”

“நீலத் துணி” என்றார் அய்யா. எழுந்திருக்கும் சத்தம். தடி தரையில் ஊன்றும் சத்தம். கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். முகம் பத்து நாள் பாலில் சிவந்து உப்பியிருந்தது. அதன்மேல் கண்ணீர் வழிந்தது.

“அவன் கிடந்த எடத்துல என்னய யாரோ எவரோன்னு ஓத விட்ட. பேரு சொல்லி ஓதியிருப்பேன். ஒன் கருப்பு எங்க?”

“வண்டியிலய்யா. இருக்கைக்குக் கீழ.”

“இருக்கைக்குக் கீழ!” தடியை ஓங்கித் தரையில் குத்தினார். “புருஷன் செத்தவ கருப்ப மிதிச்சுக்கிட்டு வண்டி ஓட்டுறா. நான் ஒன் வண்டியில ஏற மாட்டேன். ஷார்கான், சந்தைக்குப் போற வண்டி எதுனா பாரு.”

நான் எதிர்பார்த்து வந்தது இதைத்தான்.

“ஏறுங்கய்யா” என்றேன். “என்னய எவ்வளவு வேணா திட்டுங்க. வண்டியில உக்காந்து திட்டுங்க. நான் தனியாத் திரும்பிப் போனா இந்த வண்டி நாளைக்கு ஜானிஷோடது. அப்புறம் எனக்கு ஒண்ணுமில்ல. மெலிஸ் ஓட்டுன வண்டிய நான்தான் ஓட்டணும். அந்தச் சாலைய பதினோரு வருஷம் நான் பாத்தேன், அவரு ஓட்டுனாரு.”

“அதுக்காகப் பொய் சொல்லுவியா?”

“சொன்னேன். ஒங்க நெஞ்சுக்காகப் பாதி, எனக்காகப் பாதி.”

ஷார்கான் முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெரியவர்கள் மூவரும் கூடார வாசலில் நின்று மலையைப் பார்த்தார்கள்.

அய்யா மூச்சு வாங்கினார். விசில் இல்லை. “சரி, ஏறுறேன்னு வெச்சுக்க. நான் மெலிஸ் வீட்டுக்குத் துக்கத்துக்குப் போவணும். இன்னிக்கே போவணும். கேட்டுட்டு வீட்டத் தாண்டிப் போக முடியுமா? நான் வெளியேருந்து கதறிக்கிட்டு வரணும். நீ உள்ள சுவரப் பாத்து உக்காந்து ஒப்பாரி வெக்கணும். ரெண்டு பேரும் ஒரே வண்டியில ஒண்ணா வந்து எறங்குனா அதுக்குப் பேரு துக்கமா, பொண்ணு அழைப்பா?”

யாரோ ஒரு பெரியவர் இருமுவது போல் சிரித்தார்.

“கால்வாய்ப் பாலத்துகிட்ட எறக்கி விடுறேன்” என்றேன். “அங்கேருந்து எங்க வீடு அரை கிலோமீட்டர். நீங்க நடந்து வாங்க. நான் முன்னால போயி கருப்பப் போட்டுக்கிட்டு உக்காந்துடுறேன்.”

“அரை கிலோமீட்டரா? இந்த நெஞ்ச வெச்சுக்கிட்டு, கதறிக்கிட்டு?”

“பத்து நாள் பால் குடிச்சீங்கல்ல?”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து மறுபடி வைத்தார். “பாலம்வரைக்கும் நீ டிரைவர். பாலத்துலேருந்து நீ மெலிஸ் பொண்டாட்டி. கலக்காத.”

“கலக்க மாட்டேன்.”

ஏறினார்.

சுரங்கம் தாண்டியதும் நீலத் துணியிடம் நிறுத்தினேன். அவர் இறங்கினார். மண்டியிட முடியாமல் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஓதினார். இந்த முறை பெயர் சொன்னார். அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. இறங்கியிருந்தால் மறுபடி ஏறியிருப்பேனா என்று எனக்கு நிச்சயமில்லை.

மறுபடி கிளம்பினோம். அவர் அழுதுகொண்டே வந்தார். சத்தமில்லாமல், முகத்தைத் துடைக்காமல் அழுதார். கியரைக் குறைத்து வளைவு வளைவாக இறக்கினேன். ஆறாவது வளைவில் ஆடுகள் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் வந்தது. நடக்கிற வேகத்தில் இறங்கியது. ஆட்டு மணம் எங்கள் வண்டிக்குள் நிறைந்தது. அய்யா இடது பக்கம் சாய்ந்தார்.

“போ” என்றார்.

நான் லாரியின் வலது விளக்கைப் பார்த்தேன். அது எரியவில்லை.

“போ, மருமகளே. காலியாக் கெடக்கு.”

விளக்கு எரியவில்லை. காலை அழுத்தாமல் அப்படியே வந்தேன். ஐந்து எண்ணியிருப்பேன். எதிர் வளைவிலிருந்து ஒரு பெட்ரோல் லாரி வந்தது. நாங்கள் போயிருந்தால் இருந்திருக்க வேண்டிய இடத்தை அது நிரப்பிக்கொண்டு, காற்றால் எங்கள் வண்டியை அசைத்துவிட்டு மேலே போயிற்று.

அய்யா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

“கண்ணுல தண்ணி. நான் பாக்கல.”

“தெரியும்யா.”

“தெரிஞ்சா போகாம இருந்த?”

“தெரியாது. விளக்கு எரியல. அதான்.”

அதற்குப் பிறகு பாலம்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு வருடத்தில் சுரங்கத்துக்கு வெளியே அவர் பேசாமல் வந்தது அந்த ஒன்றரை மணி நேரமாகத்தான் இருக்கும்.

பாலத்தில் அவரை இறக்கிவிட்டேன். வீட்டில் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஷார்கான் சொல்லி அனுப்பியிருந்தாள். வாசலில் ஜானிஷ் இருந்தான். நான் தனியாக இறங்குவதைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்தது. அவனுக்கு மகிழ்ச்சி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

“எங்க அவரு? வேற வண்டியில ஏறிட்டாரா?”

“நடந்து வராரு. தள்ளு, நான் கருப்புப் போடணும்.”

உள்ளே ஓடினேன். கருப்பு உடையை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தெருக் கோடியில் அந்தக் குரல் எழுந்தது.

“ஐயோ என் ஈரக்குலையே! மெலிஸே! என் ஈரக்குலையே!”

குரல் உடையவில்லை. இருமலில்லை, விசிலில்லை. அரை கிலோமீட்டரும் ஒரே மூச்சாக, தெருக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்க, அந்தக் குரல் வந்துகொண்டே இருந்தது. ஸாமிரா எந்த நெஞ்சைத் தேற்ற நினைத்தாளோ அந்த நெஞ்சின் பத்து நாள் பலத்தையும் அவர் எங்கள் தெருவில் கொட்டினார். நான் ஒப்பாரியைத் தொடங்கினேன். பனி வந்த வழியைச் சொன்னேன், சங்கிலியைச் சொன்னேன், என் பக்கத்துக் கண்ணாடி வெள்ளையானதைச் சொன்னேன். நாற்பதாம் நாள்கூட அதையெல்லாம் சொல்லி நான் அழுததில்லை. ஜானிஷ் வெளியே அவரைக் கட்டிக்கொண்டு கதறுவது கேட்டது.

பிறகு கை கழுவி, விரிப்பு விரித்து, ரொட்டியும் இறைச்சியும் வைத்தார்கள். துக்கச் சோறு சாப்பிட்டு ஓதி முடித்ததும் அய்யா தேநீரை வைத்துவிட்டு ஜானிஷைப் பார்த்தார்.

“நீதான் தம்பியா? வண்டி ஒனக்கு வேணுமாமே?”

ஜானிஷ் கழுத்தைச் சொறிந்தான். “இல்லய்யா, அண்ணி ஒரு பொம்பளையா இருந்துக்கிட்டு அந்த மலையில...”

“கேளு. இன்னிக்கு அந்த மலையில நான் ‘போ’ன்னு சொன்னேன். தப்பாச் சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். இவ போகல. போயிருந்தா இந்த எறச்சி எங்க ரெண்டு பேருக்கும் வெந்திருக்கும்.” வயதானவர், அத்தனை பேருக்கு முன்னால், தன் தப்பைத் தானே சொன்னார். “மெலிஸா இருந்தா போயிருப்பான். நான் சொன்னா போவான். அவன நான் கொல்லாம ஏழு வருஷம் வந்தது பெரிசு.”

ஜானிஷ் சட்டைப்பையில் கை விட்டு மாற்றுச் சாவியை எடுத்து, ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். நகமில்லாத இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினான்.

“பிரேக் கட்டை தேஞ்சிருக்கும். வெள்ளிக்கிழம கொண்டு வாங்க, பாத்துத் தரேன்” என்றான்.

“தேயல” என்றேன். “ஆனா கொண்டு வரேன்.”

அய்யா தடியை ஊன்றி எழுந்தார். “இப்ப என்னய பிஷ்கெக்குல யாரு விடுறது?”

ஜானிஷ் எழப் போனான். பெண்களில் ஒருத்தி, “துக்க வீட்டு மனுஷி, கருப்போட எப்படி...” என்று ஆரம்பித்தாள்.

“பாலம்வரைக்கும்தான் டிரைவர்னு நீங்கதான சொன்னீங்க?” என்று அய்யாவிடம் கேட்டேன்.

“அது துக்கத்துக்கு வர்ற வழிக்குச் சொன்னது. வீட்டுக்குப் போற வழி எனக்கு இன்னும் பாக்கி இருக்கு.” தொப்பியை அழுத்தி வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். “இந்தத் தடவ இருக்கைக்குக் கீழ ஒண்ணும் வெக்காத.”

கருப்பு உடையைக் கழற்றாமலே வலது இருக்கையில் உட்கார்ந்தேன். தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று வண்டியைத் திருப்பினேன். பெரிய சாலை ஏறியதும் வைக்கோல் லாரி ஒன்று முன்னால் வந்தது. அய்யா இடது பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் லாரியின் விளக்குக்காக அவரும் என்னோடு காத்திருந்தார்.

அது சிமிட்டியதும், “போ” என்றார்.